வேவ் 110-இன் ஆயில் போல்ட் துளையில் ஹோண்டா கார் போல்ட்

என் ஹோண்டா வேவ் 110i பைக்கின் எஞ்சினுக்கு அடியில் இப்போது மாட்டியிருப்பது ஹோண்டா ஃபிட் காரின் ஆயில் ட்ரெயின் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட். மழைக்காலம் முழுக்க பர்மாவில் மௌலமைனுக்கும் முடோனுக்கும் இடையே செம்மண் சேற்றில் ஓடியாயிற்று, அடியில் ஆயில் ஈரப்பசை கூட இல்லை. ஆயில் மாற்றக் கழற்றி மறுபடி மாட்டியும் பார்த்துவிட்டேன், மரை நன்றாகப் பிடிக்கிறது. இந்த போல்ட்டின் மரை தேய்ந்து ஆயில் ஒழுக ஓடும் வண்டிகள் எங்கள் பக்கம் நிறைய. அடியில் கந்தலைச் சுற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

வேவின் கிராங்க் கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, அலுமினியம்; போல்ட் இரும்பு. போல்ட் 12 மில்லி, மரையின் இடைவெளி 1.5 மில்லி, தலைக்கு 17 நம்பர் ஸ்பேனர். கம்பெனி சொல்லும் இறுக்கம் 24 நியூட்டன் மீட்டர்தான். கையடக்க ஸ்பேனரில் ஒரு கை அழுத்தம் போதும். ஆனால் சாலையோரத்தில் ஆயில் மாற்றுகிறவர்கள் பைப்பைச் சொருகி, காலால் மிதித்து இறுக்குகிறார்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினிய மரைதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். என் வண்டி கைமாறி வந்தது. வாங்கும்போதே அந்த போல்ட் இறுகுவது போல் வந்து, கடைசியில் மெத்தென்று நழுவும். ஒருநாள் கழற்றியபோது அலுமினிய மரை அப்படியே சுருள் கம்பியாகப் போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வண்டியை நம்பி ஓட்ட முடியாது. வேவில் ஆயில் மாற்றினால் உள்ளே போவதே 0.8 லிட்டர்தான். சொட்டுச் சொட்டாகப் போனாலும் முடோன் போய்த் திரும்புவதற்குள் அளவுக்குச்சியில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடும்.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். டெஃப்ளான் நாடாவைப் போல்ட்டில் தடிப்பாகச் சுற்றி மாட்டினேன். எஞ்சின் சூடேறும் வரை நின்றது, அப்புறம் கசிந்தது. இந்த இடத்தில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஆயிலை அடைப்பது மரை அல்ல, வாஷர். மரையின் வேலை வாஷரை முகத்தோடு அழுத்திப் பிடிப்பது மட்டும். அழுத்தமே இல்லாதபோது மரையில் எதைச் சுற்றினாலும் பயனில்லை.

அடுத்தது, கடைகளில் கிடைக்கும் 'ஓவர்சைஸ்' போல்ட். நுனியில் வெட்டு வைத்து, தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும் வகை. ஸேஜி மார்க்கெட்டில் இலேசாகக் கிடைத்தது, விலையும் குறைவு. போட்டுப் பார்த்ததில் உள்ளே போகத்தான் செய்தது, ஆனால் சாய்வாக. தேய்ந்த துளைக்குள் அதை நேராகப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, எந்தப் பக்கம் மென்மையோ அந்தப் பக்கம் வெட்டிக்கொண்டு போய்விட்டது. தலை சாய்ந்தால் வாஷர் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் காற்று தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. இந்தப் போல்ட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன். வேலை செய்யாதது மட்டுமல்ல, அடுத்து செய்யப்போகிற நல்ல வேலைக்குத் துளையையும் கோணலாக்கி வைத்துவிடுகிறது.

ஆர்கன் வெல்டிங் என்று ஒரு யோசனை சொன்னார்கள். அதற்கு எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், வருஷக்கணக்கில் ஆயில் குடித்த வார்ப்பு அலுமினியத்தில் வெல்டிங் நுரைத்துக்கொண்டு போகும். அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எபாக்சி பசை போட்டு ஒட்டிவிட்டு, ஆயிலை மேலே குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பவர்களும் உண்டு. அடியில் படியும் கசடு அப்படி உறிஞ்சினால் வராது. அதனால் அதுவும் வேண்டாம்.

மிச்சம் இருந்தது ஹெலிகாயில், அதாவது ஸ்டீல் கம்பிச் சுருளை உள்ளே பதித்துப் பழைய அளவு மரையையே திரும்பக் கொண்டுவரும் முறை. முறையாகச் செய்தால் பழைய மரையைவிட உறுதியாக நிற்கும், அதில் சந்தேகமில்லை. 12 × 1.5 செட் மௌலமைனில் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லை ஊரான மியாவதி தாண்டி, தாய்லாந்தின் மேசோட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆயிரம் பாட்டை ஒட்டி விலை சொன்னார்கள், அதற்கு மேல் கொண்டுவருகிறவருக்குக் கூலி, வழி எப்போது திறந்திருக்கும் என்ற கேள்வி வேறு.

அந்தச் செட்டின் அளவை விசாரித்தபோதுதான் எனக்கு வழி பிறந்தது. 12 × 1.5 சுருளைப் பதிக்க, அதற்கென்று இருக்கும் டேப்பால் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) துளையைக் கிட்டத்தட்ட 13.95 மில்லிக்கு வெட்ட வேண்டும். மரை இடைவெளி அதே 1.5. அப்படியென்றால் சுருளுக்காக நான் வெட்டப்போகும் துளையும் சாதாரண 14 × 1.5 மரையும் ஏறக்குறைய ஒன்றுதான்! எப்படியும் அந்த அளவுக்கு உலோகம் போகப்போகிறது. நடுவில் சுருள் எதற்கு? 14 × 1.5 போல்ட்டையே போட்டுவிடலாமே.

14 × 1.5-இல் ட்ரெயின் போல்ட் எங்கே கிடைக்கும்? ஹோண்டா கார்களின் ஆயில் போல்ட்டே அந்த அளவுதான். தலையும் 17 நம்பர், வண்டியோடு வரும் ஸ்பேனர் போதும். 2011-இல் பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டிலிருந்து கார் இறக்கிக்கொள்ளலாம் என்று ஆனதிலிருந்து பர்மா முழுக்க ஜப்பான் கார்கள்தான், அதில் ஃபிட் எல்லா ஊரிலும் ஓடுகிறது. பழைய சாமான் கடையில் ஃபிட்டின் போல்ட் ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். வாஷர் மட்டும் புதிது. அலுமினிய வாஷர், ஹோண்டா பார்ட் நம்பர் 94109-14000. பழைய 12 மில்லி வாஷரின் நம்பர் 94109-12000. கடையில் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

துளையில் கைவைப்பதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் அளக்க வேண்டும். துளையைச் சுற்றி வாஷர் உட்காரும் தட்டையான முகம் எத்தனை அகலம் என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் 22 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல். துளை 14 போனாலும் சுற்றி 4 மில்லி சுவர் நிற்கும், வாஷரும் முழுதாக உட்காரும்.

போல்ட்டின் நீளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் போல்ட் வேவ் போல்ட்டைவிடக் கொஞ்சம் நீளம், உள்ளே எதிலாவது இடித்தால் வேலை கெட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பழைய போல்ட்டின் நீளத்துக்கே ஹாக்ஸா பிளேடால் அறுத்து, நுனியை அரத்தால் சரித்துவிட்டேன். அறுப்பதற்கு முன் போல்ட்டில் ஒரு நட்டை ஏற்றிவைத்துக்கொண்டு, அறுத்தபின் அதைத் திருகி வெளியே எடுத்தால், நுனியில் மடங்கிய மரை தானே சரியாகிவிடும்.

இந்த வேலையில் டேப் நேராகப் போகிறதா என்பதுதான் உயிர். சாய்ந்த போல்ட்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டேன், அதனால் வெறும் கண்ணை நம்பி டேப்பைத் திருக மனமில்லை. டேப்பை நேராக நடத்த ஒரு புஷ், அதாவது அது நுழைந்து போகும் இரும்புக் குழல், கடைந்து வாங்க லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். நம்ம ஆள்தான், எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம்.

"மாமா, 14 மில்லி ஓட்டையில ஒரு புஷ் கடைஞ்சு குடுங்க. வெளி அளவு 22, நீளம் 30."

"வெளி அளவு சொன்ன, சரி. உள் அளவு சொல்லாத தம்பி. டேப்பைக் கொண்டா."

"14-தானே மாமா டேப்பு?"

"பேருதான் 14. கொண்டா, அதுல ஏத்திப் பாத்துத்தான் கடைவேன்."

அவர் சொன்னது சரி. டேப்பை மைக்ரோமீட்டரில் பிடித்தபோது 14-ஐவிட ஒரு மயிரிழை கூடுதலாகவே இருந்தது. கேட்டபடி சரியாக 14-க்குக் கடைந்திருந்தால் டேப் புஷ்ஷுக்குள் நுழைந்தே இருக்காது. பழைய ஆக்ஸில் துண்டு ஒன்றை லேத்தில் ஏற்றி, உள்ளே கொஞ்சம் கடைவதும் டேப்பை நுழைத்துப் பார்ப்பதுமாக, தடையில்லாமல் வழுக்கிப் போகிற, ஆனால் ஆட்டம் இல்லாத அளவுக்குக் கொண்டுவந்தார். அதே பிடியில், கழற்றாமல், ஒரு முகத்தையும் சீவினார். துளைக்கும் முகத்துக்கும் 90 பாகை கச்சிதமாக அமைய அதுதான் வழி. அந்த முகத்தை எஞ்சினின் வாஷர் முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் டேப் நேராகத்தான் போக முடியும்.

வண்டியைப் படுக்கவைத்துச் செய்வது உடம்புக்குச் சுகம், ஆனால் சீவல் எல்லாம் எஞ்சினுக்குள் போகும். நான் நிற்கவைத்தே செய்தேன். சென்டர் ஸ்டாண்டின் அடியில் இரண்டு பக்கமும் தடித்த பலகை கொடுத்து உயர்த்தி, முன் சக்கரத்தை வீட்டுத் தூணில் கயிறு போட்டுக் கட்டினேன். அடியில் பாய் விரித்து, மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை. துளை கீழ்நோக்கி இருப்பதால் சீவல் தானாக விழும். முகத்தில் விழும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு ஏற்பாடு. ஆயில் ஊற்றும் வாயில் துணி சுற்றிச் சைக்கிள் பம்பின் குழாயைச் செருகி, கிராங்க் கேஸின் காற்றுப்போக்குக் குழாயைக் கவ்வியால் நசுக்கி வைத்தேன். தம்பி மேலே நின்று மெதுவாகப் பம்ப் அடித்தான். உள்ளே இருக்கும் காற்று துளை வழியாக வெளியே வரும்போது பொடியையும் தள்ளிக்கொண்டு வரும். கை வைத்துப் பார்த்தால் காற்று வருவது தெரியும். அந்த அளவு போதும், வேகமாக அடித்தால் சீல்களுக்கு நல்லதல்ல.

14 × 1.5 டேப்புக்குத் துளை 12.5 மில்லி. என் துளை ஓவர்சைஸ் போல்ட் தின்றதற்குப் பிறகு 12-ஐ நெருங்கியிருந்தது. மிச்சம் இருந்த அரை மில்லியை மெஷின் போட்டு எடுக்கக் கூடாது. அத்தனை மெல்லிய அலுமினியத்தை டிரில் பிட் கவ்விக்கொண்டு ஒரே இழுப்பில் உள்ளே போய்விடும். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதை நம்பிப் படுப்பதும் நடக்காது. 13 மில்லி பிட் வரை பிடிக்கும் டிரில் 'சக்' (பிட்டைக் கவ்வும் தலை) ஒன்றை ஒரு கைப்பிடியில் மாட்டி, 12.5 பிட்டைக் கையாலேயே சுற்றினேன். அதற்கும் புஷ் உதவியது. 12.5 பிட் 14 துளையில் ஆடும் என்பதால், பிட்டைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகட்டை உருட்டிச் செருகி ஆட்டத்தை எடுத்தேன். பழைய போல்ட் கோணலாக வெட்டிய தடம் இதில் பெரும்பாலும் போய்விட்டது.

அப்புறம் டேப். பொடி மரையில் கை டேப் செட் இரண்டு துண்டுகளாகவே வரும். முதலாவது நுனி சரிந்தது, இரண்டாவது முழு அளவு. நான் வாங்கியதும் அப்படித்தான். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயைப் போல நல்ல வெட்டு எண்ணெய் வேறில்லை. பிரஷ்ஷால் டேப்பில் தடவி, பள்ளங்களில் கிரீஸும் அப்பினேன். கிரீஸ் சீவலைப் பிடித்துக்கொள்ளும். இடது கையால் புஷ்ஷை முகத்தோடு அழுத்தி, வலது கையால் டேப் கைப்பிடியை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் திருப்பும்போது சீவல் உடைகிற சின்னச் சத்தம் கையில் தெரியும். அது தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஓரிரு மில்லி உள்ளே போனதும் டேப்பை முழுக்க எடுத்து, துடைத்து, புதிதாகக் கிரீஸ் அப்பி மறுபடி ஏற்றினேன். நேரம் எடுக்கும், ஆனால் இந்த இடத்தில் அவசரப்பட்டால் வெட்டிய மரையே கிழிந்துவிடும். முதல் டேப் பாதி ஆழம் போனதும் புஷ் தேவையில்லை, அதுவே தன் வழியில் போகும். இரண்டாவது டேப் சுலபமாக இறங்கியது.

வெட்டிய மரையைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, போல்ட்டை விரலால் ஏற்றினேன். கடைசி வரை விரலிலேயே போய், தலை முகத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. நுனியில் கொஞ்சம் பிசைந்த மைதா மாவை ஒட்டி மாட்டி, கிக்கரை மெதுவாக அமுக்கி எஞ்சினைச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். மாவு நசுங்கவில்லை. போல்ட் எதையும் தொடவில்லை என்று அர்த்தம்.

காற்று அடித்தாலும், கிரீஸ் அப்பினாலும், கொஞ்சம் பொடி உள்ளே போகத்தான் செய்யும். மலிவான ஆயிலும் டீசலும் கலந்து மேலே ஊற்றிக் கீழே பிடித்தேன். வெள்ளைத் துணியில் வடிகட்டினால் மினுமினுப்பு தெரியும். அது நிற்கும் வரை ஊற்றினேன். அதோடு விடாமல் வலது பக்கக் கவரையும் திறந்தேன். வேவில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு வலைச் சல்லடையும், சுழற்சியில் அழுக்கைத் தள்ளும் ரோட்டரும்தான். கிக்கர், கால் வைக்கும் கம்பி, 8 நம்பர் போல்ட்டுகள், அவ்வளவுதான் கழற்ற வேண்டியது. சல்லடையை உருவிப் பார்த்ததும் திறந்தது நல்லதாயிற்று என்று பட்டது. நம்முடைய புது அலுமினியச் சீவல் சில இருந்தன, கூடவே வருஷங்களாகப் படிந்த கறுப்புக் கசடும் பழைய மரையின் துண்டுகளும். ஆயில் பம்ப் இந்தச் சல்லடை வழியாகத்தான் உறிஞ்சுகிறது. புது கேஸ்கெட் போட்டு மூடினேன்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. அதற்குப் பதில் சந்தையில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை இரவல் வாங்கினேன். கணக்கு இதுதான்: 24 நியூட்டன் மீட்டர் என்றால் 25 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 9.8 கிலோ இழுப்பு. எங்கள் தராசில் கிலோ இல்லை, வீசைதான். பர்மா வீசை 1.63 கிலோ, ஆக 9.8 கிலோ என்பது ஆறு வீசை. 17-19 ரிங் ஸ்பேனரில் போல்ட்டின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டரில் கோடு போட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுத்தேன். முள் ஆறைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். காரில் இதே போல்ட்டை 39 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்வார்கள். அது காரின் ஆயில் சட்டிக்கு உள்ள கணக்கு, 4 மில்லி சுவர் நிற்கிற வேவுக்குப் பொருந்தாது. இங்கே 24-ஏ போதும், புது வாஷர் அதற்குள் நன்றாக நசுங்கிவிடுகிறது.

செலவு: டேப் செட் 25,000 கியாட், 12.5 பிட் 12,000, புஷ் கடைந்த கூலி 10,000, போல்ட்டும் வாஷரும் 5,000, வலது கவர் கேஸ்கெட் 4,000, கழுவிய ஆயிலும் டீசலும் 8,000, புது ஆயில் 16,000. மொத்தம் 80,000. டேப்பும் பிட்டும் புஷ்ஷும் கையில் இருக்கின்றன, அடுத்த வண்டிக்கு அந்த 47,000 இல்லை.

அடுத்த தடவை மாற்றிச் செய்ய நினைப்பது சில. 12.5 பிட்டுக்கும் தனியாக ஒரு புஷ் கடைந்துவிடுவேன், பித்தளைத் தகடு அடிக்கடி நழுவியது. புஷ்ஷைக் கையால் அழுத்திப் பிடித்ததில் மணிக்கட்டு வலித்துவிட்டது. இஞ்சின் அடியில் ஜாக்கியை வைத்து, நடுவில் ஓட்டை போட்ட தேக்குக் கட்டையால் புஷ்ஷைத் தாங்கிக்கொண்டால் இரண்டு கையும் டேப்புக்குக் கிடைக்கும். நுனியில் காந்தம் வைத்த 14 × 1.5 போல்ட் கிடைத்தால் அதையே போடுவேன். அலுமினியத்தைப் பிடிக்காவிட்டாலும் கியர் பொடியையாவது பிடிக்கும்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் சீன 125 வண்டிக்கும் இதையே செய்யச் சொல்லி வந்தார். முகத்தை அளந்தேன், 19 மில்லிகூட இல்லை. 14 வெட்டினால் சுவர் இரண்டரை மில்லிதான் மிஞ்சும், வாஷரின் ஓரமும் வெளியே தொங்கும். முகம் 20-க்குக் குறைந்த வண்டிகளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அவருக்கு மேசோட்டிலிருந்து 12 × 1.5 சுருள் வரவழைப்பதாலும் பயனில்லை, அதற்கும் அதே அளவு துளைதான் வேண்டும். கிராங்க் கேஸ் பாதியைப் பழைய சாமான் கடையில் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.